ஓக்கோடாக்ஸ்–ஹை ரிவர்: முதல்வரைத் திரும்ப அழைக்கக் கையெழுத்திட்ட தொகுதி

1937-ஆம் ஆண்டு கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், மாடும் கோதுமையும் கொஞ்சம் எண்ணெயும் தவிர வேறு பேச்சில்லாத ஒரு கிராமப்புறத் தொகுதியில், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். தங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பதவியிலிருந்து இறக்குவதற்கான மனு அது. அந்த உறுப்பினர்தான் மாகாணத்தின் முதல்வர் வில்லியம் ஏபர்ஹார்ட். இப்படி இறக்குவதற்கு வழிசெய்த சட்டத்தை ஒன்றரை ஆண்டுக்கு முன் கொண்டுவந்ததும் அவருடைய அரசுதான். வேண்டிய அளவு கையெழுத்து சேர்ந்துவிட்டது என்ற நிலை வந்ததும் அரசு அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. அதுவும் அன்றிலிருந்து அல்ல, சட்டம் பிறந்த நாளிலிருந்தே அது இல்லை என்று.

இந்தச் சம்பவத்தைக் கனடிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரு வேடிக்கையாக ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். முதல்வரின் பெயர் நினைவில் நிற்கும், தொகுதியின் பெயர் நிற்காது. தொகுதியின் பக்கம் நின்று பார்த்தால்தான் அந்த மனு ஏன் அங்கே தேறியது, மாகாணத்தின் மற்ற அறுபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை விட்டு ஏன் இவர் மாட்டினார் என்பது விளங்கும். அதே மண்ணில் 78 ஆண்டு கழித்து இன்னொரு கட்சித் தலைவருக்கு நேர்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிலம்

கால்கரி நகரத்துக்குத் தெற்கே, ராக்கி மலைகளின் அடிவாரக் குன்றுகள் சமவெளியாக இறங்கும் இடம். ஓக்கோடாக்ஸ் ஊர் ஷீப் ஆற்றங்கரையிலும், ஹை ரிவர் ஊர் ஹைவுட் ஆற்றங்கரையிலும் இருக்கின்றன. ஓக்கோடாக்ஸ் என்பது பிளாக்ஃபுட் மக்களின் மொழியில் பாறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஊருக்கு மேற்கே வெட்டவெளியில், பனியாறு எப்போதோ தூக்கி வந்து போட்டுவிட்டுப் போன 16,500 டன் பாறை ஒன்று இன்றும் கிடக்கிறது. 1877-இல் பிளாக்ஃபுட் உள்ளிட்ட பழங்குடிகளுக்கும் அரசுக்கும் இடையே ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பின் 1880-களில் ஒட்டாவாவிலிருந்த கனடாவின் மத்திய அரசு ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு சென்ட் குத்தகையில் ஒரு லட்சம் ஏக்கர் வரை மேய்ச்சல் நிலம் கொடுத்தது. 1882-இல் தொடங்கிய பார் யூ பண்ணை அப்படி வந்தது. 1892-இல் கால்கரியிலிருந்து மக்லியோட் நோக்கி ரயில் பாதை போட்டபோது இரண்டு ஊர்களும் அதில் நிலையங்களாயின. பிறகு 160 ஏக்கர் குடியேற்ற நிலம் வாங்கி வந்த உழவர்கள் சேர்ந்தார்கள்.

இந்தக் கலவை முக்கியம். வட ஆல்பர்ட்டாவைப் போலக் கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகள் நிறைந்த பகுதி அல்ல இது. ஆங்கிலம் பேசும் பண்ணையார்கள், கால்கரியோடு தினசரி கொடுக்கல் வாங்கல், பழமைவாதக் கட்சிப் பழக்கம். வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் 1919-இல் வாங்கிய பண்ணைகூட இந்தப் பக்கத்தில் பெக்கிஸ்கோவில்தான் இருந்தது. 1914-இல் மேற்கே டர்னர் பள்ளத்தாக்கில் எண்ணெய்–எரிவாயுக் கிணறு கண்டார்கள். 1936 ஜூனில் அதே வயலில் ஆழத்திலிருந்து கச்சா எண்ணெய் பீறிட்டது. அதோடு துளையிடும் தொழிலாளிகளும் கம்பெனிகளும் குவிந்தார்கள். கையெழுத்து விவகாரத்தில் இவர்கள் மறுபடி வருவார்கள்.

ஹோட்லியின் இருபத்தாறு ஆண்டு

ஆல்பர்ட்டா 1905 செப்டம்பரில் மாகாணமானது. முதல் சட்டமன்றத்தின் 25 தொகுதிகளில் ஹை ரிவர் ஒன்று. நவம்பர் தேர்தலில் மாகாணமெங்கும் லிபரல் அலை அடித்தபோது பழமைவாதக் கட்சி இரண்டே இடத்தில் வென்றது. அதில் ஒன்று ஹை ரிவர். வென்றவர் ஆல்பர்ட் ராபர்ட்சன், பின்னர் சட்டமன்றத்தில் கட்சியை வழிநடத்தியவர். 1909-இல் ஓக்கோடாக்ஸ் தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டது. அங்கே அந்த ஆண்டு பழமைவாதக் கட்சி வேட்பாளராக வென்ற ஜார்ஜ் ஹோட்லி 1935 வரை அசையவில்லை.

இந்த ஹோட்லியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பண்ணைக்காரர். சில காலம் சட்டமன்றத்தில் பழமைவாதக் கட்சியின் தலைவராகவே இருந்தார். ஆனால் 1921 தேர்தலுக்குள் ஆல்பர்ட்டா ஐக்கிய விவசாயிகள் அமைப்புக்கு மாறிவிட்டார். அந்தத் தேர்தலில் விவசாயிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஹோட்லி விவசாய அமைச்சரானார். பின்னர் சுகாதாரத் துறையும் அவரிடம் வந்தது. கட்சி மாறியவர்தான். ஆனால் மாறிவிட்டு, மாறிய கொடியோடு வாக்காளரிடம் போய் நின்று வென்றார். தொகுதி அதை ஏற்றுக்கொண்டது. இந்தச் சிறு வேறுபாடு பின்னால் 2014-இல் பெரிதாகத் தெரியும்.

1930 தேர்தலுக்கு ஓக்கோடாக்ஸையும் ஹை ரிவரையும் ஒட்டி ஒரே தொகுதியாக்கினார்கள். ஹோட்லி புதிய தொகுதியிலும் வென்றார். அப்போது அங்கே பயன்பாட்டிலிருந்த வாக்குமுறையையும் சொல்லிவிட வேண்டும். 1924-இல் இயற்றிய சட்டப்படி 1926 முதல் 1955 வரை ஆல்பர்ட்டாவின் கிராமத் தொகுதிகளில் வாக்காளர் சிலுவைக் குறி போடவில்லை, 1, 2, 3 என விருப்ப வரிசை எழுதினார். முதல் எண்ணிக்கையில் யாருக்காவது பாதிக்கு மேல் கிடைத்தால் அதோடு முடிந்தது. கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் இரண்டாவது விருப்பம் யாரோ அவரிடம் சேர்ப்பார்கள். பாதி தாண்டும்வரை இது தொடரும். இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று. பலர் '1' மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தச் சீட்டு, வேட்பாளர் நீங்கியதும் செத்த சீட்டு. கால்கரி, எட்மண்டன் போன்ற நகரங்களில் முறையே வேறு. அங்கே நகரம் முழுதும் ஒரே தொகுதி, பல உறுப்பினர்கள், விகிதாசாரப் பங்கீடு. ஒரே மாகாணத்தில் இரண்டு தேர்தல் முறை. முதல்வர் 1940-இல் எங்கே தப்பி ஓடினார் என்பதற்கு இந்த இரட்டை முறைதான் விடை.

ஒரு வாக்கும் விழாத வெற்றி

1935 ஆகஸ்ட் 22. பெருமந்தம், வறட்சி, கடன். கால்கரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, ஞாயிறுதோறும் வானொலியில் வேதாகமப் பிரசங்கம் செய்துவந்த வில்லியம் ஏபர்ஹார்ட், சோஷியல் கிரெடிட் என்ற பொருளாதாரக் கொள்கையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் மாதம் 25 டாலர் ஈவுத்தொகை என்பதுதான் மக்கள் காதில் விழுந்தது. 63 இடங்களில் 56 அவருடைய கட்சிக்கு. ஆட்சியிலிருந்த விவசாயிகள் அமைப்புக்கு ஒன்றுகூட இல்லை. ஓக்கோடாக்ஸ்–ஹை ரிவரில் ஹோட்லி தோற்றார். சோஷியல் கிரெடிட் வேட்பாளர் வில்லியம் மாரிசன் வென்றார்.

ஆனால் ஏபர்ஹார்ட் அந்தத் தேர்தலில் எங்கும் நிற்கவில்லை. செப்டம்பர் 3-ஆம் தேதி முதல்வராகப் பதவியேற்றபின் உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. மாரிசன் ராஜினாமா செய்து வழிவிட்டார். நவம்பர் 4 இடைத்தேர்தலில் எதிர்த்து யாரும் நிற்கவில்லை. போட்டியின்றித் தேர்வு.

புதிய முதல்வருக்கு எதிராக ஆள் நிறுத்தாமல் விடுவது அந்தக் கால மரியாதைகளில் ஒன்று. ஆனால் அதன் விளைவைக் கணக்கில் வைக்க வேண்டும்: ஏபர்ஹார்ட்டுக்காக இந்தத் தொகுதியில் ஒரே ஒருவர்கூட வாக்களித்ததில்லை. அவர் அங்கே குடியிருந்தவரும் அல்ல. வேறொருவருக்குப் போட்ட வாக்கை அவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவே. பிறகு மனுவில் விழுந்த ஒவ்வொரு கையெழுத்தும், அந்தத் தொகுதி மக்கள் அவரைப் பற்றி நேரடியாகச் சொன்ன முதல் கருத்தாக இருந்தது. திரும்ப அழைக்கும் போராட்டம் மாகாணத்தில் வேறெங்குமில்லாமல் இங்கே பிடித்துக்கொண்டதற்கு எங்கள் கணிப்பில் முதல் காரணம் இதுதான். 25 டாலர் இரண்டாவது.

1936 சட்டம்: எட்டாத உயரத்தில் வைத்த படி

தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கும் உரிமை ஏபர்ஹார்ட்டின் கண்டுபிடிப்பு அல்ல. மேற்குக் கனடிய விவசாயிகள் இயக்கம் இருபது முப்பது ஆண்டாகக் கேட்டுவந்தது. மக்கள் மனு மூலம் சட்டம் முன்மொழிய வழிசெய்யும் நேரடிச் சட்டம் ஒன்றை ஆல்பர்ட்டா 1913-லேயே இயற்றியிருந்தது. 1915 மதுவிலக்கு வாக்கெடுப்பு அதன் வழியில் வந்ததுதான். உறுப்பினர் என்பவர் கட்சிக்கு அல்ல, தன்னை அனுப்பிய தொகுதிக்கே கடமைப்பட்டவர் என்ற எண்ணம் அந்த மண்ணில் ஊறியது. சோஷியல் கிரெடிட் அந்த வாக்குறுதியையும் சுவீகரித்தது. 1936 ஏப்ரலில் திரும்ப அழைத்தல் சட்டம் நிறைவேறியது.

சட்டம் வைத்த அளவுகோல் 66⅔ சதவீதம். எதில் மூன்றில் இரண்டு என்பதுதான் கேள்வி. வாக்களித்தவர்களில் அல்ல, பட்டியலில் பெயருள்ள மொத்த வாக்காளர்களில். 1935-இல் மாகாணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். அது மிக உயர்ந்த அளவு. அப்படிப்பட்ட தேர்தலிலேயே வாக்களித்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சமமான எண்ணிக்கை கையெழுத்திட வேண்டும். 10,000 பேர் கொண்ட பட்டியல் என்று வைத்துக்கொண்டால் 6,667 கையெழுத்து. ஒருவர் சாதாரணமாக வெற்றிபெற 4,001 வாக்கு போதும், இறக்க அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். படியைக் கட்டினார்கள், ஆனால் ஆள் ஏறமுடியாத உயரத்தில்.

அந்த உயரம் பாதுகாப்பு என்று அரசு நம்பியதில் தவறில்லை. சாதாரணத் தொகுதியில் ஆளுங்கட்சி ஆதரவாளர் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே மனு செத்துவிடும். பட்டியலில் இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர், நோயாளி எல்லாரும் கையெழுத்திடாதவர் கணக்கில்தான் சேருவார்கள். பெருமந்தக் காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் ஏராளம். இந்தத் தொகுதியில் அவ்வளவையும் மீறி மனு தேறியது என்பதே, உள்ளே சோஷியல் கிரெடிட் ஆதரவாளர்கள் என்றிருந்தவர்களில் கணிசமானோர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. வெறும் பழமைவாத–லிபரல் கூட்டணி அந்த எண்ணிக்கையை எட்டியிருக்காது.

1937

பதினெட்டு மாதத்தில் திட்டம் நடைமுறைக்கு வரும் என்று ஏபர்ஹார்ட் சொல்லியிருந்தார். 1936 ஏப்ரலில் மாகாணம் தன் கடன் பத்திரத்தைத் திருப்பிச் செலுத்த முடியாமல் கைவிரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'செழிப்புச் சான்றிதழ்' என்ற பெயரில் ஒரு காகிதப் பணம் விட்டார்கள். வாரம் ஒரு சென்ட் முத்திரை ஒட்டினால்தான் அது செல்லும். கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள், அடுத்த ஆண்டுக்குள் அது மறைந்தது. 1937 வசந்தத்தில் பதினெட்டு மாதமும் முடிந்தது, 25 டாலரைக் காணோம். சொந்தக் கட்சி உறுப்பினர்களே பட்ஜெட்டை மறித்துக் கலகம் செய்தார்கள். அந்தப் பின்னணியில்தான் ஓக்கோடாக்ஸ்–ஹை ரிவரில் மனு கிளம்பியது.

கையெழுத்து மனுவுக்கும் ரகசிய வாக்குக்கும் உள்ள வேறுபாடு இங்கே நன்றாகத் தெரிந்தது. வாக்குச்சீட்டில் பெயர் இல்லை. மனுவில் பெயரும் முகவரியும் இருக்கும், அதை எடுத்து வருபவர் பக்கத்துப் பண்ணைக்காரராகவோ மளிகைக்கடைக்காரராகவோ இருப்பார். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊர். கையெழுத்திட்டாலும் தெரியும், இடாவிட்டாலும் தெரியும். ஏபர்ஹார்ட் தரப்பு இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது: டர்னர் பள்ளத்தாக்கு எண்ணெய்க் கம்பெனிகள் தங்கள் தொழிலாளிகளை மிரட்டிக் கையெழுத்து வாங்குகின்றன என்றார். குற்றச்சாட்டு நடந்திருக்கக்கூடியதே. கிணற்றுக்குக் கிணறு அலையும் கூலியாளுக்கு மேஸ்திரி நீட்டும் தாளை மறுப்பது எளிதல்ல. ஆனால் அதற்கு மருந்து விசாரணை: கையெழுத்துகளைப் பட்டியலோடு ஒப்பிடுவது, மிரட்டப்பட்டவரை வரவழைத்துக் கேட்பது, கள்ளக் கையெழுத்தை நீக்குவது. அரசு விசாரிக்கவில்லை.

1937 செப்டம்பர் இறுதியில் கூடிய சிறப்புக் கூட்டத்தொடரில், அக்டோபரில், திரும்ப அழைத்தல் சட்டத்தை முன்தேதியிட்டு ரத்து செய்தார்கள். முன்தேதி என்பதில்தான் சூட்சுமம். அன்றிலிருந்து ரத்து என்றிருந்தால், ஏற்கனவே நடந்துகொண்டிருந்த மனு பழைய சட்டத்தின்கீழ் செல்லுமா என்று நீதிமன்றத்தில் வாதாட இடமிருக்கும். இயற்றிய நாளிலிருந்தே ரத்து என்றால் அந்த மனு எந்தச் சட்டத்தின்கீழும் தரப்பட்டதல்ல. வெறும் தாள்.

அதே கூட்டத்தொடரில் வங்கிகள் மீது வரி, கடன் கட்டுப்பாடு, செய்தித்தாள்கள் அரசு தரும் விளக்கத்தை அச்சிட வேண்டும் என்ற சட்டம் என மூன்று முன்வரைவுகளும் நிறைவேறின. துணைநிலை ஆளுநர் ஜான் போவன் அந்த மூன்றுக்கும் ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்தார். 1938 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் மூன்றையும் மாகாண அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என்றது. பத்திரிகைச் சட்டத்தை எதிர்த்த ஆல்பர்ட்டா நாளிதழ்களுக்கும் வார இதழ்களுக்கும் அந்த ஆண்டு புலிட்சர் சிறப்பு அங்கீகாரம் கிடைத்தது. எல்லாரும் அந்த மூன்றைத்தான் பேசினார்கள். வங்கிக்கு ஒட்டாவா இருந்தது, பத்திரிகைக்கு உச்ச நீதிமன்றம் இருந்தது. தொகுதி மக்களின் மனுவுக்கு யாரும் இல்லை. ஏனெனில் தன் உறுப்பினரைத் திரும்ப அழைக்கலாமா கூடாதா என்பது முழுக்க மாகாணச் சட்டமன்றத்தின் வரம்புக்குள் வரும் விஷயம். கொடுத்த பெரும்பான்மையே எடுத்துக்கொண்டது, சட்டப்படி அதில் குறையில்லை.

ஆறில் ஒரு பங்கு

1940 மார்ச் 21 பொதுத்தேர்தலில் ஏபர்ஹார்ட் ஓக்கோடாக்ஸ்–ஹை ரிவர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கால்கரியில் நின்றார். சொந்த ஊர் என்பது ஒரு காரணம்தான். கணக்கைப் பாருங்கள். கிராமத் தொகுதியில் வெல்ல, விருப்ப வரிசை முறையில், இறுதி எண்ணிக்கையில் பாதிக்கு மேல் வேண்டும். எதிர்ப்பாளர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு சுயேச்சையை நிறுத்தினால், அல்லது தனித்தனியாக நின்று ஒருவருக்கொருவர் இரண்டாவது விருப்பம் கொடுத்தால், தோல்வி நிச்சயம். கால்கரியில் ஐந்து இடங்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும் விகிதாசார முறையில் ஒருவருக்கு வேண்டிய கோட்டா மொத்த வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு ஒன்று கூட. சுமார் 17 சதவீதம். நகரத்தில் பெரும்பான்மை எதிர்த்தாலும் முதல்வர் உள்ளே வந்துவிடலாம். வந்தார். சோஷியல் கிரெடிட் 57-இல் 36 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது. கைவிட்ட தொகுதி சோஷியல் கிரெடிட்டின் கையைவிட்டுப் போய் ஒரு சுயேச்சையிடம் சேர்ந்தது.

1943 மே மாதம் ஏபர்ஹார்ட் வான்கூவரில் இறந்தார். எர்னஸ்ட் மேனிங் முதல்வரானார். அடுத்த ஆண்டே தொகுதி மறுபடி சோஷியல் கிரெடிட்டுக்குத் திரும்பியது. ஐவன் கேசி வென்றார், பின்னர் கல்வி அமைச்சரும் ஆனார். ஆக, கோபம் கட்சி மேல் நிரந்தரமாக இருந்ததில்லை. ஆள் மேல்தான் இருந்தது.

பிறகு முப்பதாண்டுக்கு இந்தத் தொகுதியில் சொல்ல அதிகமில்லை. இரண்டு மாற்றங்கள் மட்டும் பெரியவை. 1955 தேர்தலில் சில கிராமத் தொகுதிகளில் முதல் எண்ணிக்கையில் முன்னிலையிலிருந்த சோஷியல் கிரெடிட் வேட்பாளர்கள் இரண்டாவது விருப்பங்கள் சேர்ந்ததும் தோற்றார்கள். செல்லாத வாக்குகள் அதிகம், முறை சிக்கல் என்று காரணம் சொல்லி அரசு விருப்ப வரிசை முறையையே எடுத்துவிட்டது. 1959-இல் 65-க்கு 61 இடம் பிடித்தது. இரண்டாவது, ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு 1965-இல்தான் மாகாண வாக்குரிமை கிடைத்தது. ஹைவுட் ஆற்றின் மேற்பகுதியில் ஈடன் பள்ளத்தாக்கில் வாழும் ஸ்டோனி நக்கோடா மக்கள் அதுவரை இந்தத் தொகுதியின் மக்கள்தொகை, வாக்காளர் அல்லர். 1937 மனுவின் 'மூன்றில் இரண்டு பங்கில்' பழங்குடிகள் யாரும் இல்லை.

ஹைவுட்: 2012–2015

1971-இல் ஓக்கோடாக்ஸ்–ஹை ரிவர் என்ற பெயர் போய் ஹைவுட் என்ற தொகுதி வந்தது. நாற்பதாண்டு ஆண்ட முற்போக்குப் பழமைவாதக் கட்சிக்கு இது 1975 முதல் பத்திரமான இடம். 2012 ஏப்ரலில் அது உடைந்தது. வலப்பக்கம் புதிதாக எழுந்த வைல்ட்ரோஸ் கட்சியின் தலைவர் டேனியல் ஸ்மித், ஹை ரிவர்வாசி, இங்கே வென்று எதிர்க்கட்சித் தலைவரானார்.

2013 ஜூன் 20-இல் ஹைவுட் ஆறு ஊருக்குள் வந்தது. ஹை ரிவரின் சுமார் 13,000 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். ஆளில்லாத வீடுகளுக்குள் போலீஸ் கதவை உடைத்துப் புகுந்து நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை எடுத்துச் சென்றது. கிராமப்புற ஆல்பர்ட்டாவில் துப்பாக்கி என்பது சொத்துரிமை. நிவாரணத் தாமதம், வீடுகளை அரசு வாங்கி இடிப்பது, துப்பாக்கிப் பறிமுதல் எல்லாவற்றிலும் ஸ்மித் தொகுதியின் குரலாக அரசை எதிர்த்தார். தொகுதியோடு அவருக்கு இருந்த பிணைப்பு ஏபர்ஹார்ட்டுக்கு இருந்ததைப் போல மெல்லியதல்ல. அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு சுட்டது.

2014 டிசம்பர் 17-இல் ஸ்மித்தும் எட்டு வைல்ட்ரோஸ் உறுப்பினர்களும் முதல்வர் ஜிம் பிரென்டிஸின் ஆளுங்கட்சிக்குத் தாவினார்கள். ஆல்பர்ட்டாவில் கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் கிடையாது. திரும்ப அழைக்கும் சட்டமும் அப்போது அங்கே இல்லை, 1937-இல் போனது போனதுதான். தொகுதிக்குச் சட்டத்தில் எந்தக் கருவியும் இல்லை.

ஆனால் ஆளுங்கட்சியின் விதியில் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொகுதியில் வசிப்பவர் சிறு கட்டணம் கட்டி உறுப்பினராகிவிட்டால் அதில் வாக்களிக்கலாம். பொதுத்தேர்தலில் பத்தாயிரக்கணக்கானோர் வாக்களிக்கும் தொகுதியில், வேட்பாளர் தேர்வுக்கு வருபவர் அதில் சிறு பகுதி. ஆக, கோபப்பட்ட கொஞ்சம் பேர் திரண்டாலே போதும். வாக்கு ரகசியம். 2015 மார்ச் இறுதியில் நடந்த தேர்வில் ஓக்கோடாக்ஸ் நகரமன்ற உறுப்பினர் கேரி ஃபிஷர், ஸ்மித்தைத் தோற்கடித்தார். முன்னாள் எதிர்க்கட்சித் தலைவர், முதல்வரே வரவேற்று அழைத்து வந்தவர், தேர்தல் களத்துக்கே வரமுடியாமல் போனார். மே 5 பொதுத்தேர்தலில் தொகுதி ஃபிஷரையும் ஏற்கவில்லை. வைல்ட்ரோஸ் வேட்பாளர் வெய்ன் ஆண்டர்சன் வென்றார். மாகாணத்தில் புதிய ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்து, 44 ஆண்டு ஆட்சி முடிந்த நாள் அது.

ஹோட்லி 1921-இல் செய்ததையும் ஸ்மித் 2014-இல் செய்ததையும் ஒரே பெயரால் அழைக்கலாம், இரண்டும் கட்சி மாற்றம். முன்னவர் மாறிவிட்டு வாக்குக் கேட்டார். பின்னவர் வாக்கு வாங்கிவிட்டு மாறினார். தொகுதி இரண்டையும் வேறு வேறாகவே எடுத்துக்கொண்டது.

எல்லைக்கோடு

கிராமத் தொகுதியின் வரலாற்றை உண்மையில் எழுதுவது தொகுதி எல்லைகளை வகுக்கும் ஆணையம்தான். ஆல்பர்ட்டாவில் ஐவர் கொண்ட ஆணையம்: நடுநிலையான ஒரு தலைவர், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முன்மொழியும் இருவர் இருவர். உறுப்பினர் எவரும் சட்டமன்றத்தில் இருக்கக் கூடாது. தொகுதியின் மக்கள்தொகை மாகாணச் சராசரியிலிருந்து 25 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். மிகத் தொலைவான நான்கு தொகுதிகள் வரை மட்டும் 50 சதவீதம் குறைவாக இருக்க அனுமதி. எல்லா வாக்கும் துல்லியமாகச் சம எடை கொண்டிருக்க வேண்டியதில்லை, பயனுள்ள பிரதிநிதித்துவமே அளவுகோல் என்று 1991-இல் சஸ்காச்சுவான் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த நெகிழ்வுக்கு அடித்தளம்.

2017 ஆணையத்தின் முன் இருந்த கணக்கு: 87 தொகுதிகள், சராசரி சுமார் 46,700 பேர். 2016 கணக்கெடுப்பில் ஓக்கோடாக்ஸ் 28,881, ஹை ரிவர் 13,584. இரண்டு ஊர்கள் மட்டுமே 42,465. சுற்றியுள்ள பண்ணைகளைச் சேர்த்தால் சராசரியைத் தாண்டும். வளர்ச்சி வேகத்தையும் சேர்த்தால் அடுத்த ஆணையம் வரும்வரை தாங்காது. ஓக்கோடாக்ஸ் 1998-இல் ஷீப் ஆற்று நீர் இவ்வளவுக்குத்தான் போதும் என்று 30,000 பேர் என உச்சவரம்பு போட்ட ஊர். 2012-இல் அதைக் கைவிட்டபின், கால்கரியில் வேலை செய்பவர்கள் இரவு வந்து தங்கும் ஊராகவே ஆகிவிட்டது. ஆணையம் வெட்டியது. 2019 தேர்தலிலிருந்து ஓக்கோடாக்ஸ் ஹைவுட் தொகுதியில், ஹை ரிவர் தெற்கே மலைவரை நீளும் லிவிங்ஸ்டன்–மக்லியோட் தொகுதியில். ஹைவுட் ஆற்றங்கரையின் ஹை ரிவர் இல்லாமலே ஹைவுட் என்ற பெயர் மட்டும் நின்றது.

மறுபடியும் அதே சட்டம்

2021-இல் ஆல்பர்ட்டா மீண்டும் திரும்ப அழைத்தல் சட்டம் இயற்றியது. 2022 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பட்டியலிலுள்ள வாக்காளரில் 40 சதவீதம், 60 நாளில். தேறினாலும் பதவி உடனே போகாது. தொகுதியில் தனி வாக்கெடுப்பு, அதில் பெரும்பான்மை வேண்டும், அதன்பின்தான் இடைத்தேர்தல். 2025-இல் அளவுகோலைத் திருத்தினார்கள்: கடந்த தேர்தலில் பதிவான வாக்குகளில் 60 சதவீதம், 90 நாள். 10,000 பேர் பட்டியலில் 6,000 பேர் வாக்களித்த தொகுதிக்கு, 1936 சட்டப்படி 6,667 கையெழுத்து, 2021 சட்டப்படி 4,000, 2025 திருத்தப்படி 3,600. வாக்குப்பதிவு குறைந்த தொகுதியில் படி இன்னும் தாழும், அதிகமாக வாக்களிக்கும் தொகுதியில் உயரும். இதே வகைச் சட்டம் 1995 முதல் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மனு சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 1998-இல் ஓர் உறுப்பினர் தானே விலகினார். முறைப்படி திரும்ப அழைக்கப்பட்டவர் என்று அங்கே யாரும் இல்லை.

2025 இலையுதிர் காலத்தில் கல்வி அமைச்சர் மீது கால்கரி–போ தொகுதியில் மனு அனுமதிக்கப்பட்டது. தேவை 16,006 கையெழுத்து. ஆசிரியர் வேலைநிறுத்தத்தைச் சட்டம் போட்டு முடித்ததும் மனுக்கள் மளமளவென்று பெருகி ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பலரைத் தொட்டன. முதல்வரும் அதில் ஒருவர். 1937-க்குப் பிறகு தன் சொந்தச் சட்டசபை உருவாக்கிய விதியின்கீழ் திரும்ப அழைக்கும் மனுவைச் சந்தித்த ஆல்பர்ட்டா முதல்வர், ஹைவுட்டில் வேட்பாளராகவே ஆகமுடியாமல் போன அதே டேனியல் ஸ்மித். 2022 அக்டோபரில் அப்போதைய ஆளுங்கட்சியின் தலைமைப் போட்டியில் வென்று, இடமில்லாத முதல்வராகப் பதவியேற்று, ஒருவர் ராஜினாமா செய்து வழிவிட, தென்கிழக்கில் புரூக்ஸ்–மெடிசின் ஹாட்டில் இடைத்தேர்தலில் நின்று வந்தவர். மாரிசன் விலகி ஏபர்ஹார்ட் வந்ததைப் போலத்தான், ஆனால் இம்முறை எதிர்த்து ஆள் நின்றார்கள், வாக்கு எண்ணினார்கள்.

மனுவில் கையெழுத்திடும் உரிமை அந்தத் தொகுதி வாக்காளருக்கு மட்டும். முதல்வர் குடியிருப்பது ஹை ரிவரில். அவருடைய ஊர்க்காரர் யாரும் அதில் கையெழுத்திட முடியாது.